மழைக்கு அசையாத அம்பு

ஜூன் 2

பெரியவளுக்கு,

நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலம் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. விழாத பாதிக்கும் சேர்த்து "சரி, சரி" என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்படித்தான் கண் மருத்துவரிடம் போக ஒப்புக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. அதனால் இனிக் கடிதம்தான்.

நம் சாரணர் படைக்கு இந்த ஆகஸ்டோடு எழுபத்தைந்து வயது. விழா மலர் ஒன்று போடுகிறார்கள். படையின் வரலாற்றை என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தியவனுக்கு இப்போது தன் கட்டுரையைக் காட்ட ஆள் வேண்டியிருக்கிறது. உன்னை விட்டால் யார்? பதினான்கு அத்தியாயங்களையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் தாராளமாகக் கிறுக்கு.

படையைத் தொடங்கிய உன் தாத்தாவின் அத்தியாயம் தானாகவே எழுதிக்கொண்டது. தபால்காரர் ஒருவர், ஏழு பையன்கள், ஒரே ஒரு விசில். முதல் வருடம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொப்பி. கொடி ஏற்றுகிறவன் தலைக்கு அது மாறும். பேன் மட்டும் ஏழு பேருக்கும் சமமாகக் கிடைத்தது என்று தாத்தா சொல்வார். அதையும் எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் அடித்துவிடு.

தடம் போடும் விளையாட்டை வெளியாட்களுக்கு விளங்கச் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. ஒருவர் முன்னால் போய்த் தரையில் குறிகள் வைப்பார். அணிகள் அவற்றைப் பார்த்துத் தொடர்ந்து வரும். கடைசியில் வருகிறவர் எல்லாக் குறிகளையும் அழித்துக்கொண்டே வர வேண்டும். ஏன் அழிக்க வேண்டும் என்பதற்குக் கரும்பலகையை உதாரணம் சொல்லியிருக்கிறேன். முன் வகுப்பின் கணக்கை அழிக்காமல் போனால், அடுத்த வகுப்புப் பிள்ளை அதையும் தன் கணக்கென்று எழுதிக்கொள்ளும்.

பதினோராவது அத்தியாயம் உன் தம்பியைப் பற்றியது. பட்டாணியைப் பற்றி எனக்கு நான்கு வரிக்கு மேல் எழுத வரவில்லை. அதை மட்டும் திருத்தாதே.

பேத்திக்கு ஒன்பது முடிகிறதல்லவா? விழாவன்று அவள் உறுதிமொழி எடுத்துக்கொள்ளட்டும். நம் வீட்டில் நான்காவது தலைமுறை. உன் அம்மா தைத்த கழுத்துத் துண்டு ஒன்று பெட்டியில் பிரிக்காமல் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா

ஜூன் 14

அப்பாவுக்கு,

கண் மருத்துவரிடம் நீங்கள் ஒப்புக்கொண்டது உண்மை. போய் வாருங்கள்.

பதின்மூன்று அத்தியாயங்களைத் திருத்திவிட்டேன். பேன் இருக்கட்டும். ஆனால் தாத்தாவின் அத்தியாயத்தில் விசில் இருக்கிறது, தொப்பி இருக்கிறது, அவருடைய கல் அம்பு இல்லையே? எல்லோரும் தரையில் மூன்று கல்லை வைத்து அம்பு காட்டுவார்கள். தாத்தா மட்டும் விரல் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, தட்டைக் கல் ஒன்றைப் பதித்து, அதன்மேல் மூன்று கல்லையும் வைத்து, சந்தில் சரளையை இறுக்குவார். ஆடு மிதித்தாலும் மழை அடித்தாலும் அசையாது. உங்களுக்கும் எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தாரே. வெளியில் யாருக்கும் காட்டக்கூடாது என்று சத்தியம்கூட வாங்கினார். எழுத மறந்துவிட்டீர்களா?

இப்போது அந்த நான்கு வரி. நீங்கள் எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், உங்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்:

"அந்த ஆண்டு முகாமில், தடம் போட்ட உதவி ஆசிரியரின் கவனக்குறைவால் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்த அம்புக்குறியைத் தொடர்ந்து சென்ற சிறுவன் ஒருவனை இழந்தோம். விசாரணைக்குப் பின் அந்த உதவி ஆசிரியர் படையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் சிறுவன் என் மகன்."

இரண்டு மாதத்துக்கு முன் அலுவலக ஜெனரேட்டருக்கு உறை தைக்க ஒரு தார்ப்பாய்க் கடைக்குப் போனேன். லாரிப் பாயில் கயிறு கோத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாப்பா, நீ அந்த வாத்தியார் பொண்ணுதானே" என்றார். கயிறு மாமா. உங்கள் உதவி ஆசிரியர். எனக்கும் பட்டாணிக்கும் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர். அறுபது வயதுக்கு எண்பது வயதுபோல இருக்கிறார்.

அவர்தான் பேசினார். "இருபத்தேழு வருசமா உங்க வீட்டாளு யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன்மா. அந்த அம்பை நான் வைக்கல." அன்று அவர் வைத்தது சுண்ணாம்புக் கோடும் புல் முடிச்சும் மட்டும்தானாம். தடம் பாலம் வழியாகப் போனதாம். ஆற்றில் மணல் அள்ளி ஆழப் பள்ளமாகியிருந்ததால் அந்தப் பக்கமே அவர் போகவில்லையாம். விசாரணைக் குழுவிடமும் அதையேதான் சொன்னாராம்.

அந்த வருடம் நான் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்களும் அம்மாவும் சொன்னதுதான். அம்மா அவர்மேல் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வீசியதை மட்டும் கண்ணால் பார்த்தேன். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வரிகள் அச்சில் ஏறினால் அவர் பேரன் பேத்தி வரைக்கும் அது நிற்கும். எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நானும் வரமாட்டேன், உங்கள் பேத்தியும் உறுதிமொழி எடுக்கமாட்டாள்.

மகள்

ஜூன் 25

பெரியவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தில்கூட நீ ஒற்றுப்பிழை விடுவதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

வாழ்க்கையில் சில கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடாது, அம்மா. வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தேர்வுத்தாளைக் கொடுத்த பிறகும் வாசலில் நின்று விடையைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பான். தப்பாகப் போட்டிருந்தால் அழுவான், சரியாகப் போட்டிருந்தாலும் சந்தேகப்பட்டு அழுவான். தாள் கைவிட்டுப் போன பிறகு பார்ப்பதில் என்ன லாபம்?

இருந்தாலும் உன் சொல்லைத் தட்டவில்லை. "உதவி ஆசிரியர்" என்பதையும் "நீக்கப்பட்டார்" என்பதையும் எடுத்துவிடுகிறேன். "ஒரு விபத்தில்" என்று போட்டுக்கொள்ளலாம். விபத்துக்கு ஆள் வேண்டியதில்லை.

விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் கெட்டவர்கள் அல்லர். கல் அம்பு அங்கே இருந்தது, அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அன்று தடம் போட்டவர் ஒருவர்தான். முந்தின வருடத்து அம்பாக இருக்குமோ என்றும் யோசித்தார்கள். வெறும் மண்மேல் வைத்த மூன்று கல் ஒரு மழைக்காலம் தாங்காது, எனவே அன்று வைத்ததுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். நியாயமான முடிவு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவரை இனிமேல் போய்ப் பார்க்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். கல் அம்பைப் பற்றி எழுத இடம் போதவில்லை.

மலர் ஆகஸ்ட் பதினாறாம் தேதி அச்சுக்குப் போகிறது. பேத்தியின் கழுத்துச் சுற்றளவை எழுது. துண்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

அப்பா

ஜூலை 5

அப்பாவுக்கு,

போய்ப் பார்த்தேன். நீங்கள் போகாதே என்று எழுதிய கடிதம் கிடைத்த மறுநாளே போனேன்.

அந்த அம்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் தைத்துக்கொண்டிருந்த பாயிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டினார். விசாரணைக் குழு அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய் அதன் முன்னால் நிறுத்தி, "இதை வைக்கவில்லை என்கிறாயா" என்று கேட்டதாம். அவருக்கு அந்தப் படம் மறக்கவில்லை. நடுக்கல் நீளம், இடது சிறகு வலது சிறகைவிடப் பெரிது. சந்தில் சரளை கிடந்ததாம். அது எதற்கென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. சந்தில் சரளை இறுக்குவது நம் வீட்டு வழக்கம். நம் வீட்டு அம்பு மழைக்கு அசையாது. எனவே அது முந்தின வருடத்து அம்பு. முந்தின வருட முகாமில்தான் தடம் ஆற்றின் வழியாகப் போனது. அப்போது முழங்கால் அளவுத் தண்ணீர், நானே கடந்திருக்கிறேன். அந்தத் தடத்தைப் போட்டது நீங்கள். அதை அழிக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

தாத்தாவின் அத்தியாயத்தில் கல் அம்பு ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது. மறதியும் இல்லை, இடப் பற்றாக்குறையும் இல்லை.

அவர் பள்ளி வேலை போனது. மைதானத்தில் நூறு பையன்களின் முன்னால் கழுத்துத் துண்டைக் கழற்றச் சொன்னார்கள். நீங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு மூன்று ஊர் மாறியிருக்கிறார். எங்கே போனாலும் ஆறு மாதத்தில் யாராவது ஒருவர், "பையனைக் கொன்னவன் இவன்தானே" என்று கேட்டுவிடுவார்களாம். அம்மா கடைசி மூச்சுவரை அவரைச் சபித்தாள். அந்தச் சாபத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள் நீங்கள்.

மழை நாளில் காலணியைத் துடைக்காமல் உள்ளே வந்ததற்கு என்னை ஒரு மணி நேரம் வெளியில் நிறுத்திய அப்பா. பொய் சொன்ன பையனை அடிக்காமல், "உன்னை நம்பலாமா?" என்று மட்டும் கேட்டு அழவைத்த அப்பா.

உங்களை நம்பலாமா?

மகள்

ஜூலை 12

பெரியவளுக்கு,

நீ எழுதியது சரி. அழிக்காமல் விட்டது நான்தான்.

அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டேன். முந்தின வருடத்துக் குறியை அழிக்கத் தவறியவன் சாரண ஆசிரியராகிய நானே என்றும், உதவி ஆசிரியர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும் எழுதி மலர்க் குழுவிடம் கொடுக்கப்போகிறேன். நகல் இதோடு இருக்கிறது.

இதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம். பழைய பெட்டிகளைக் கிளறாதே. தூசி உனக்கு ஆகாது.

அப்பா

ஜூலை 21

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எப்படியோ ஒப்புக்கொண்டீர்கள் என்று இருந்தது. மறுநாள் கயிறு மாமாவிடம் இந்த நகலைக் காட்டலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் அந்த முந்தின வருட முகாம் எந்தத் தேதியில் நடந்தது என்று உறுதிசெய்துகொள்ள என் பழைய சாரணியர் குறிப்பேட்டை எடுத்தேன். விருதுக்காகத் தினமும் எழுதினோமே, அது. உங்கள் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். அவள் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

"மூன்றாம் நாள். இன்று பாலத்துக்குக் கீழ்ப்புறம் ஆற்றோரத்தில் கடைசி அம்பை அப்பா என்னையே வைக்கச் சொன்னார். தாத்தா முறையில் முதன்முதலாக நானே வைத்த அம்பு. அப்பா பார்த்துவிட்டு 'நல்லா உக்காந்திருக்கு' என்றார். குறி அழிக்கும் பொறுப்பும் எனக்கு."

அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு மீதி வந்துவிட்டது.

இருபத்து மூன்று குறிகளை அழித்தேன். கடைசி அம்பின் முன்னால் வந்தபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. காலால் ஒரு தட்டுத் தட்டப்போய், தட்டாமல் காலை எடுத்துக்கொண்டேன். மழை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மழைக்கு அசையாமல் இருக்கத்தானே அப்படி வைத்தேன் என்பதுகூடத் தோன்றவில்லை. ஓடிவந்து உங்களிடம், "எல்லாம் அழிச்சாச்சுப்பா" என்றேன். நீங்கள் என் தலையைத் துவட்டிவிட்டீர்கள். அந்தப் பொய்யை முதலில் நம்பியவள் நான்தான். அடுத்த நாளே மறந்துவிட்டேன். இருபத்தேழு வருடமும் மறந்தேதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

பட்டாணி அதைப் பார்த்ததும் நம்பியிருப்பான். வேறு யாருடைய அம்பாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான். நம் வீட்டு அம்பு என்றால் அவனுக்குத் தெரியும். நமக்கு மட்டும் ரகசியமாக ஒரு குறுக்கு வழி என்று நினைத்திருப்பான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த அம்பைப் பார்த்தபோதே அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?

மகள்

ஜூலை 29

என் கண்ணே,

பெட்டியைக் கிளறாதே என்று எழுதியிருக்கக்கூடாது. வகுப்பில் எந்தப் பாடத்தைப் படிக்காதே என்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் முதலில் படிப்பார்கள். இவ்வளவு காலம் கற்றுக்கொடுத்தும் இது எனக்கு மறந்துபோயிற்று.

தெரியும்.

பட்டாணியைக் கரையில் கிடத்தியபோது மணி ஒன்றரை. மற்றவர்கள் வண்டி கொண்டுவரப் போனார்கள். இவன் ஏன் பாலத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தான் என்று பார்க்க நான் பாதையில் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தேன். அம்பு இருந்தது. பெயர் எழுதாத விடைத்தாளைப் பார்த்தாலே எந்தப் பிள்ளையுடையது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இடது சிறகு பெரிதாக இருந்தது. உன் அம்பு எப்போதும் அப்படித்தான்.

கல்லைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தட்டைக் கல். அதைப் பெயர்த்தபோது அதன் கீழே வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. ஒரு வருடத்து வேர். எவர் பார்த்தாலும் பழைய அம்பு என்று தெரிந்துவிடும். நம் வீட்டு முறை என்று தெரிந்துவிடும். கடைசியாகக் குறி அழித்தவர் யார் என்று முகாம் பதிவேட்டில் உன் பெயர் இருந்தது.

அந்தத் தட்டைக் கல்லை ஆற்றில் எறிந்தேன். அவன் மூழ்கிக் கிடந்த அதே இடத்தில். குழியை மூடி, வெறும் மண்மேல் மூன்று கல்லையும் திரும்ப வைத்தேன். நீ வைத்த மாதிரியே வைத்தேன், ஏனென்று தெரியவில்லை. கையில் இருந்த சரளையையும் பழக்கத்தில் சந்தில் போட்டிருக்கிறேன். அதை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

ஒரு பிள்ளை போய்விட்டது. இன்னொரு பிள்ளை வீட்டில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது. "உன் தம்பி உன் அம்பைப் பார்த்துத்தான் போனான்" என்று பதினைந்து வயதுப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன்.

அவரைக் காட்டிக்கொடுக்க நான் நினைக்கவில்லை. யாரும் வைக்காத அம்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரும் வைக்காத அம்பு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அதற்கு ஒரு ஆளைத் தேடினார்கள், அவர் கிடைத்தார். எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன், நீக்கினார்கள். நீக்கியதோடு விடுவார்கள் என்று நினைத்தேன், வேலை போனது. ஒவ்வொரு படியிலும் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் முந்தின படியில் ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வெறுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக நீ ஆகிவிடக்கூடாது.

இப்போது என் வேண்டுகோள் ஒன்றே. குற்றம் என்னுடையது என்று அச்சில் வரட்டும். எனக்கு எழுபத்தாறு வயது. ஊர் தூற்றினால் எத்தனை நாளைக்குத் தூற்றும்? உனக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவரிடமும் இதையே காட்டு. அவருக்கு வேண்டியது தன்மேல் குற்றமில்லை என்பதுதான். யார்மேல் என்பது அவருக்கு எதற்கு?

அப்பா

ஆகஸ்ட் 7

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தையும் அத்தியாய நகலையும் கைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் அலுவலகம் போய் வந்தேன். நேற்று மதிய இடைவேளையில் கடைக்குப் போனேன். நகலைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "வாத்தியாரா மறந்தாரு" என்று கேட்டார். நம்பாத குரல். "ஒரு கூடார ஆணி குறைஞ்சாக்கூட ராவெல்லாம் தேடுவாரேம்மா அவரு."

அங்கேயே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டதும் அதைத்தான். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்பு, தூறல், நான் சொன்ன பொய், வேர், தட்டைக் கல், கிழித்த பக்கம்.

அவர் தையலை நிறுத்தவில்லை. பெரிய ஊசியைப் பாயில் குத்தி, இழுத்து, குத்தி, இழுத்து. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் நூலை அறுத்தார். பிறகு சொன்னார்.

"நீ பதினாலு வயசுப் புள்ள. மறந்துட்டே. அவரு மறக்கலயே."

"உனக்கு ஒண்ணு தெரியுமா? நான் வைக்கலன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். ஆனா பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இத்தனை பேர் சொல்றாங்களே, ஒருவேளை வச்சுட்டு மறந்துட்டேனோன்னு. பல நாள் நானே வச்சேன்னு நம்பிட்டேன்மா. கனவுல என் கையே அந்தக் கல்லை வைக்கும். என் பசங்களை ஒரு குளத்துப் பக்கம்கூட விட்டதில்ல. உன்னைக் கடையில பாத்தன்னிக்கு வைக்கலன்னு சொன்னேன்ல, அதைச் சொல்லும்போதே நெஜமான்னு எனக்குத் தெரியல."

அப்பா, நாம் அவரிடமிருந்து எடுத்தது வேலையையும் பெயரையும் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "அதெல்லாம் இங்க வைக்காதே. கடை சின்னது, இடமில்ல." கடைப்பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மலரில் போடுவோம் என்றேன். "மலரை யாரும்மா படிக்கிறா? எழுதினவரு படிப்பாரு, அச்சடிச்சவன் படிப்பான்" என்றார். பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அவர் கழுத்துத் துண்டைக் கழற்றிய அதே மைதானத்தில், பையன்கள் வரிசையில் நிற்கும்போது, நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். முழுவதும் சொல்ல வேண்டும். என் பெயரோடு, கல்லை ஆற்றில் எறிந்ததோடு. "பாதியைச் சொன்னா, மீதிப் பாதிக்கு மறுபடி என்னைத்தான் தேடுவாங்க."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

என்னைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தீர்கள் என்று தெரியும். அதற்காக உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. ஆனால் நீங்கள் காப்பாற்றியது எந்தப் பெண்ணை? பதினைந்து வயதில் தெரிந்திருந்தால் உடைந்திருப்பேன், உண்மை. உடைந்தவளை நீங்களும் அம்மாவும் ஒட்டவைத்திருப்பீர்கள். இப்போது ஒட்டவைக்க அம்மா இல்லை.

உங்கள் பேத்தியிடம் நேற்று மாலையே சொன்னேன். குறிப்பேட்டை அவள்தானே படித்தாள், மறைத்து என்ன பயன்? குறிப்பேட்டைத் திரும்ப எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கயிறு தாத்தா உன்னைத் திட்டினாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல?" என்றாள். உறுதிமொழி எடுக்க அவளுக்கு இப்போது விருப்பமில்லை. நான் வற்புறுத்தவில்லை.

நாள் குறித்து எழுதுங்கள்.

மகள்

ஆகஸ்ட் 14

என் கண்ணே,

மலர்க் குழுவைக் கூட்டச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். செயலர் தண்ணீர் கொடுத்தார். பொருளாளர் கதவைச் சாத்தினார். கடைசியில் எனக்குப் புத்திமதி சொன்னவர் யார் தெரியுமா? ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு வராமல் என்னிடம் குட்டு வாங்கியவன், இப்போது குழுத் தலைவர். "சார், எழுபத்தஞ்சு வருசப் பேரு. செத்தவனும் திரும்பி வரப்போறதில்ல, போனவருக்கும் வயசாயிடுச்சு. எதுக்கு சார் இப்போ?" என்றான். இருபத்தேழு வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டது அது. அடுத்தவன் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

விழாவில் பேச அனுமதி இல்லை. மலரில் பதினோராவது அத்தியாயமே வராது. பன்னிரண்டைப் பதினொன்று என்று எண் மாற்றிப் போட்டுவிட்டார்கள். பட்டாணி இல்லாமலே படைக்கு வரலாறு சரியாக வந்துவிட்டது. என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். அதற்கு மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு அவர்கள் கையில் இல்லை. இப்போதைய சாரண ஆசிரியர் இளம் வயதுக்காரர், என்னிடம் படித்தவர் இல்லை. அதனால்தானோ என்னவோ நான் சொன்னதை முழுதும் கேட்டார். "கொடியேற்றினதும் பேசுங்க ஐயா, நான் பசங்களை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். பெற்றோர்களுக்கும் சொல்லி அனுப்புகிறாராம். சிலர் பிள்ளைகளைப் படையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றும் எச்சரித்தார். நிறுத்தட்டும். வரும் ஞாயிறு, காலை ஏழரை மணி.

எழுதி வைத்துப் படிக்கலாமா என்று கேட்டேன், எனக்கே. வேண்டாம் என்று முடிவு செய்தேன். தாளைப் பார்த்துப் படித்தால் அது கட்டுரை ஆகிவிடும். மூன்று நாளாக வீட்டில் சொல்லிப் பழகுகிறேன். கல்லை எறிந்தது வரைக்கும் வருகிறது. பதிவேட்டைக் கிழித்தது வருகிறது. அவருடைய பெயர் வருகிறது. உன் பெயர் வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன். இதுவரை ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை. உன் பெயரை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் வந்தது. அப்போதுதான் பயம் வந்தது. அன்றைக்கும் இப்படித் தடங்கலில்லாமல்தான் வாய் மூடிக்கொண்டது.

அவரிடம் நாளையும் நேரத்தையும் சொல். அவர் வராமல் இருக்கலாம். இந்த மைதானத்தில் திரும்பக் கால் வைக்க வேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்? அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

நீ மட்டும் எனக்கு எதிரில் நில், பெரியவளே. பின்னால் நிற்காதே, பக்கத்திலும் நிற்காதே. நான் நின்றுவிடும் இடம் வரும்போது உன் பெயரை நீயே சொல்லிவிடு.

அப்பா